நெட் எங்கே சிக்குகிறது? பிங் போட்டுக் கண்டுபிடிக்கலாம்

"நெட் ஸ்லோ" என்று நாம் சொல்வதற்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒளிந்திருக்கும். கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் காற்றில் சிக்கல் இருக்கலாம். ரவுட்டரைத் தாண்டி வெளியே போகும் பாதையில் இருக்கலாம். இல்லையென்றால், வீட்டு இணைப்பின் வாசலிலேயே பாக்கெட்டுகள் (நாம் அனுப்பும் தகவலை உடைத்த சின்னத் துண்டுகள்) வரிசை கட்டி நிற்கலாம். ஸ்பீடு டெஸ்ட் ஓர் எண்ணைக் காட்டிவிட்டுப் போய்விடும்; சிக்கல் எந்த இடத்தில் என்று அது சொல்லாது. நான் இரண்டு வாரம் இணைப்பு தந்த நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தேன். கடைசியில் பார்த்தால், ரவுட்டரை இரும்பு அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தது நான்தான்.

படி 1: ரவுட்டரின் முகவரி

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று ஒரே சொல்லாகத் தட்டுங்கள். வருகிற வரிகளில் 'டீஃபால்ட் கேட்வே' என்பதற்கு எதிரே இருப்பதுதான் ரவுட்டரின் முகவரி. பெரும்பாலும் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும். மேக்கில் வைஃபை அமைப்புகளுக்குள் 'ரவுட்டர்' என்ற வரியைப் பாருங்கள். குறித்துக்கொண்டாயிற்றா? சரி.

படி 2: காற்றைச் சோதிப்பது

பிங் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த முகவரியைக் கொடுங்கள். பிங் ஒரு சின்ன பாக்கெட்டை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று அளக்கும். விண்டோஸ் நான்கு முறை அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளும், அது போதாது. முகவரிக்குப் பின் இடைவெளி விட்டு ஒரு சிறுகோடும் டி என்ற எழுத்தும் சேர்த்தால் நிற்காமல் ஓடும். கன்ட்ரோலும் சி-யும் அழுத்தினால் நிற்கும். மேக்கில் இது தானாகவே நிற்காமல்தான் ஓடும்.

நல்ல வைஃபையில் எண்கள் ஒன்றிரண்டிலிருந்து பத்துக்குள் இருக்கும். 3, 4, 180, 5, 240 என்று துள்ளினால் கோளாறு காற்றில்தான். தொலைந்துபோன பாக்கெட்டை வைஃபை தானே மறுபடி அனுப்பிப் பார்க்கும் என்பதால், கோளாறு பெரும்பாலும் இழப்பாகத் தெரியாது, இப்படி நேரத் துள்ளலாகத்தான் தெரியும்.

ஏன் துள்ளுகிறது? ஒரு சேனலில், அதாவது வைஃபை பேசும் ஓர் அலைவரிசைத் துண்டில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காது கொடுத்துக் கேட்டு, காற்று அமைதியானதும் கொஞ்சம் காத்திருந்து பேச வேண்டும். தூரத்து அறையில் இருக்கும் பழைய போன் மெதுவாகப் பேசினால், அது பேசி முடிக்கும்வரை பக்கத்தில் இருக்கும் வேகமான லேப்டாப்பும் காத்திருக்கத்தான் வேண்டும்.

வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசைகளில் ஓடும். முதலில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிப் பாருங்கள். அதில் சேனல்கள் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் சுவரைத் தாண்டும் வலுவும் குறைவு. 2.4-இலேயே இருக்க வேண்டியிருந்தால் 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை. 'அக்கம்பக்கத்தில் எல்லாரும் 6-இல் இருக்கிறார்கள், நாம் 4-க்குப் போவோம்' என்று நினைக்காதீர்கள். ஒரே சேனலில் இருப்பவர்கள் முறை வைத்துப் பேசுவார்கள். பாதி ஏறிய சேனலில் இருப்பவர்களின் பேச்சு நமக்கு வெறும் இரைச்சல்.

படி 3: வெளியே

இப்போது 8.8.8.8-க்குப் பிங் போடுங்கள். இது கூகுளின் பொது டிஎன்எஸ் (தளங்களின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரி. ஒளியிழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஓடும். அதனால் 1,000 கிலோமீட்டர் தூரத்துக்குப் போய்வரக் குறைந்தது 10 மில்லி விநாடி ஆகும். எந்த விலையுயர்ந்த பிளானாலும் இதைக் குறைக்க முடியாது.

அதே முகவரிக்கு ட்ரேஸ்ரூட் போட்டால் வழியில் இருக்கும் ரவுட்டர்கள் வரிசையாகத் தெரியும். விண்டோஸில் ட்ரேஸ் என்பதோடு ஆர், டி என்ற இரண்டு எழுத்துகளை ஒட்டித் தட்ட வேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஓர் ஆயுள் எண் உண்டு. கடக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்ஜியமானால் பாக்கெட்டை எறிந்துவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். எண்ணை 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டே அனுப்பினால் ஒவ்வொரு ரவுட்டராக மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் தந்திரம்.

நடுவில் நட்சத்திரக் குறிகள் வந்தால் பதற வேண்டாம். சில ரவுட்டர்கள் பதில் சொல்வதில்லை. ஏதோ ஒரு வரியிலிருந்து கடைசிவரை எல்லா எண்களும் உயர்ந்தே இருந்தால் மட்டும் அங்கே சந்தேகப்படுங்கள்.

படி 4: நெரிசல்

பலர் தவறவிடும் இடம் இது. 8.8.8.8-க்குப் பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய வீடியோவை அப்லோட் செய்யுங்கள். 20-இல் இருந்த எண் 400-க்கு ஏறுகிறதா? அப்படியானால் பாக்கெட்டுகள் வாசலில் வரிசையில் நிற்கின்றன.

1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, சுமார் 400 கஜ தூரத்தில், வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. பதில் வராத கணினிகள் ஒரே பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்பி நெரிசலை இன்னும் பெருக்கின. பாக்கெட் தொலைந்தால் வேகத்தைக் குறை என்று டிசிபிக்கு (பாக்கெட்டுகள் ஒழுங்காகப் போய்ச் சேர்வதைக் கவனிக்கும் விதிமுறைக்கு) கற்றுக்கொடுத்தவர் வான் ஜேக்கப்சன். ட்ரேஸ்ரூட்டை எழுதியவரும் இவரே.

இந்த ஏற்பாட்டில் பாக்கெட் தொலைவதுதான் எச்சரிக்கை மணி. ரவுட்டரில் மிகப் பெரிய பஃபரை (பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவக இடத்தை) வைத்தால் எதுவும் தொலையாது, மணியும் அடிக்காது. வரிசை மட்டும் நீளும். வீடியோ அழைப்பில் குரல் இழுப்பது பல நேரங்களில் இதனால்தான். அதிவேக பிளானுக்கு மாறினாலும் அப்லோட் வேகம் அப்படியே இருந்தால் பெரிய பயன் இருக்காது.

ரவுட்டர் அமைப்புகளில் எஸ்கியூஎம் (வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் வசதி) இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால் கியூஓஎஸ் (எந்தப் பாக்கெட்டுக்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கும் வசதி). அதை இயக்கி, அளந்து பார்த்த அப்லோட் வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாகக் கொடுங்கள். அப்புறம் அதே வீடியோவை ஏற்றிக்கொண்டே மறுபடி பிங் போடுங்கள். எண் இன்னும் எகிறினால் வரம்பை இன்னும் 5 சதவீதம் குறையுங்கள். இந்த வசதியே இல்லாத ரவுட்டர் என்றால், பேக்கப் செயலியின் அமைப்புகளுக்குள் போய் அதன் அப்லோட் வேகத்துக்கு வரம்பு வைக்கலாம்.