பழைய கடைவீட்டுக்கு வண்ணம் பூசும் முன்: ஒரு கை தண்ணீர் சோதனை

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவிலோ ஜூ சியாட்டிலோ, கீழே கடையும் மேலே வீடுமான பழைய கடைவீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? பெயிண்ட் வாங்கும் முன் சுவரில் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் சுவர் மூச்சு விடுகிறது, அதற்கு சுண்ணாம்பு அல்லது சிலிக்கேட் என்னும் கனிமப் பெயிண்ட் எடுக்கலாம். முத்து முத்தாக உருண்டு வழிந்தால் மேலே பழைய எமல்ஷன் படலம் இருக்கும். முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

இந்த வீடுகள் பக்கத்து வீட்டோடு பகிரும் பொதுச்சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்டவை. மண்ணின் ஈரம் செங்கல் வழியே மேலேறி, சுவரின் மேற்பரப்பில் காய்ந்து போகும். அக்ரிலிக் எமல்ஷன் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் உள்ளேயே தங்கி, ஆசையாய்ப் பூசிய மஞ்சளும் மயில்நீலமும் கொப்புளம் விட்டு உரியும். அப்புறம் மறுபடி சுரண்டு, மறுபடி பூசு! சிலிக்கேட் பெயிண்ட் விலை கூடத்தான், ஆனால் சுவரோடு வேதியியல் முறையில் பிணைவதால் எளிதில் உரியாது.

ஜிப்சம் தடுப்புகளுக்கு இது பொருந்தாது, அங்கே சாதாரண எமல்ஷனே போதும். குழாய்க் கசிவோ கூரை ஒழுகலோ இருந்தால் எந்தப் பெயிண்டும் உதவாது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால், முகப்பில் கைவைக்கும் முன் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வழிகாட்டிகளைப் பார்த்துவிடுங்கள்.