ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திரும்பக் கிடைத்த விதம்

மட்டக்களப்பு கல்லடியில் என் வீட்டிலிருந்தபடியே, இலண்டனிலுள்ள பெரிய சட்ட நிறுவனமொன்றுக்கு ஒப்பந்த வரைவுகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் சட்டத்தரணி நான். ஜூன் தொடக்கம் ஒவ்வொரு ஞாயிறும் வேலையிலேயே கழிந்தது. காரணம், 'திங்கள் காலை தேவை' என்ற ஒரே வரி.

வெள்ளி இரவே முடித்துவிட முயன்றேன். ஆனால் அங்கே மாலை 6 மணிக்கு அனுப்பப்படும் கோவை எனக்கு இரவு 10.30க்குத்தான் வந்து சேரும். 1998ஆம் ஆண்டு பிரித்தானிய வேலைநேர ஒழுங்குவிதிகளையும் புரட்டினேன்; வாராந்தம் சராசரி 48 மணிநேரம் என்ற வரம்பிலிருந்து விலகுவதாக ஊழியர் கையெழுத்திடலாம் என்பதால், அதுவும் கைகொடுக்கவில்லை.

பிறகுதான் நாட்காட்டிப் பதிவைத் திறந்து பார்த்தேன். காலக்கெடு 'முழு நாள்' நிகழ்வாகப் பதியப்பட்டிருந்ததால் அதில் மணியே குறிக்கப்படவில்லை. நினைவூட்டலோ 18 மணிநேரம் முன்னதாக, அதாவது ஞாயிறு காலை 6 மணிக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. அந்த ஒலியைக் கேட்டே நான் மடிக்கணினியின் முன் அமர்ந்திருக்கிறேன்.

பொறுப்பான பங்காளரிடம், எத்தனை மணிக்கு, எந்த ஊர் நேரப்படி என்று எழுதிக் கேட்டேன். இலண்டன் காலை 9 மணி என்று பதில் வந்தது. இங்கே அது பிற்பகல் 1.30. திங்கள் காலை 6 மணிக்குத் தொடங்கினாலே ஏழரை மணிநேரம் கையில் இருக்கிறது! பதிவை இலண்டன் நேர வலயத்திலேயே மணி குறித்து மாற்றினேன். ஒக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரம் பின்தள்ளப்படும்போது அது தானாகவே 2.30 ஆகிவிடும்.

உண்மையிலேயே அவசரமான வேலைகள் இப்போதும் வார இறுதியில் வருகின்றன. அவற்றை மணியோடு கேட்கிறார்கள்.