கணினி நடுநடுவே ஹேங் ஆகிறதா? ஃபார்மேட் செய்யும் முன் இதைப் பாருங்கள்

மவுஸ் அம்பு நகரும், ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் அரை நிமிடத்துக்கு ஒன்றும் நடக்காது. அப்புறம் தானாகவே சரியாகிவிடும். விண்டோஸ் 10, 11 இருக்கும் வீட்டுக் கணினிகளில் இப்படி நடந்தால் உடனே ஃபார்மேட் செய்யச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். பழுதாகி வரும் டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால் ஃபைல்கள்தான் போகும், பழுது அப்படியே இருக்கும்.

படி 1: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரை முன்கூட்டியே திறந்து வையுங்கள். ஹேங் ஆன பிறகு தேடினால் அதுவும் திறக்காது. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் கடைசி 60 நொடிகளின் வரைபடம் ஓடிக்கொண்டிருக்கும். கணினி மீண்டதும் முதலில் அதைப் பாருங்கள்.

படி 2: மெமரியில், அதாவது ரேமில், தொடங்குங்கள். ரேம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்குக்கு மாற்றும், அதனால் டிஸ்க்கும் 100 சதவீதம் காட்டும். 4 ஜிபி ரேமில் குரோமில் நிறைய டேப் திறந்தால் இதுதான் நடக்கும். ரேமைக் கூட்டுவதே வழி.

மெமரியில் இடம் இருந்தும் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? அதே பக்கத்தில் டிஸ்க்கைக் கிளிக் செய்து, கீழே ரீட், ரைட் (படிக்கும், எழுதும்) வேகத்தைப் பாருங்கள். வேகம் கிட்டத்தட்ட பூஜ்யம், ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் (டிஸ்க் பதில் தர எடுக்கும் சராசரி நேரம்) மட்டும் ஆயிரக்கணக்கான மில்லி செகண்ட் என்றால் டிஸ்க் திணறுகிறது என்று பொருள்.

படி 3: வேறு எதையும் செய்யும் முன் போட்டோக்களையும் ஆவணங்களையும் வெளி டிரைவுக்கு காப்பி செய்யுங்கள். டிஸ்க்கில் பிழை தேடித் திருத்தும் விண்டோஸ் கருவியான செக் டிஸ்க்கை அதற்கு முன் ஓட்டவே ஓட்டாதீர்கள். பலவீனமான டிஸ்க்கை அது மேலும் வருத்தும்.

படி 4: டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். நீல நிறத்தில் குட் என்று வந்தால் பெரும்பாலும் பயமில்லை. மஞ்சளில் காஷன் (எச்சரிக்கை) வந்தால் 05, சி5 என்ற வரிகளைப் பாருங்கள். 05 கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு பகுதிகளின்) கணக்கு, சி5 படிக்கத் திணறும் செக்டர்களின் கணக்கு. இவை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். தகவல் கேபிள் வழியே போகும்போது வரும் பிழைகளின் கணக்கான சி7 மட்டும் ஏறினால் நல்ல செய்தி: பெரும்பாலும் டிஸ்க்கில் கோளாறு இல்லை, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில்தான். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், இல்லையென்றால் புதிது போடுங்கள். செலவு குறைவு.

டிஸ்க், மெமரி இரண்டும் நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் கிராஃபிக்ஸ் டிரைவர், அதாவது திரைக்காட்சியை இயக்கும் மென்பொருள். ஹேங் ஆன நேரத்தில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒரு முறை இருண்டு மீண்டு வேலை செய்தால் டிரைவரைப் புதுப்பியுங்கள்.

டிஸ்க்கை மாற்றுவதானால் எஸ்எஸ்டி வாங்குங்கள். காஷன் காட்டிய டிஸ்க்கிலிருந்து குளோன் (டிஸ்க்கின் முழு நகல்) எடுக்க வேண்டாம், சிதைந்த ஃபைல்களும் கூடவே வரலாம். விண்டோஸைப் புதிதாகவே போட்டு, காப்பி செய்து வைத்த ஃபைல்களை மட்டும் அதில் ஏற்றுங்கள்.