கொரியன் பார்பிக்யூ பஃபே: முதல் தடவை போகிறவர்களுக்கு, சிங்கப்பூர் கணக்கில்

கொரியன் பார்பிக்யூ பஃபேயில் சமையல்காரர் நீங்கள்தான். கடைக்காரர் பச்சைக் கறியும் சூடான கல்லும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கறி வேகாமல் ரப்பராவது, கல் தீய்ந்து மேசையே புகை மண்டுவது, பாதியிலேயே வயிறு நிரம்பிவிடுவது எல்லாம் அவசரத்தாலும் வரிசை தப்புவதாலும் வருபவை. கீழே சொல்வது சிங்கப்பூர் கடைகளை வைத்து, நான்கு பேருக்கான கணக்கு.

1. கிளம்புவதற்கு முன்

யார் எதைச் சாப்பிடமாட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலான கடைகளில் பன்றிக்கறி, மாட்டுக்கறி இரண்டும் உண்டு. இரண்டும் ஒரே கல்லில் வேகும்போது கொழுப்பு கலந்துவிடும். தனித்தனி ஓரமாகப் போடுவதில் பயனில்லை. மாட்டுக்கறி தவிர்ப்பவர் இருந்தால் பதிவு செய்யும்போதே இரண்டு கல் கேளுங்கள், அல்லது அன்றைக்கு எல்லாரும் மாட்டுக்கறியை விட்டுவிடுங்கள். முஸ்லிம் நண்பர்கள் வந்தால் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் சான்றிதழ் உள்ள கடையாகப் பாருங்கள்.

சைவ நண்பரை இங்கே கூட்டிப்போகாதீர்கள். கிம்ச்சியில் (காரமாக ஊறவைத்த கோஸ்) பொதுவாக மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேர்ந்திருக்கும், சூப்பில் நெத்திலி ஊறியிருக்கும். முழுக் காசு கொடுத்து அவர் சோறும் இலையும் தின்ன வேண்டி வரும்.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10% சேவைக் கட்டணமும், அதற்கு மேல் 9% பொருள் சேவை வரியும் சேரும். பலகையில் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் கையை விட்டுப் போவது 35.97 வெள்ளி. நான்கு பேருக்கு 143.88. வார நாள் மதிய விலை பெரும்பாலும் குறைவு.

2. உட்கார்ந்ததும்

பையையும் மேல்சட்டையையும் இருக்கைக்குள் வையுங்கள்; பல கடைகளில் ஸ்டூலின் மூடி திறக்கும். வெளியே வைத்தால் வீடு வரை கறி வாசம் வரும். மேலே தொங்கும் புகைக்குழாய் இழுத்துக்கொள்ளும் வகையாக இருந்தால் கல்லுக்கு அருகே இறக்குங்கள்.

பணியாளரிடம் மூன்று கேள்வி: நேரம் எப்போதிலிருந்து கணக்கு, கடைசியாக எப்போது எடுக்கலாம், மீதம் வைத்தால் எவ்வளவு அபராதம்? 90 நிமிடம் என்று போட்டிருந்தாலும் கறி எடுப்பதை அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள்.

3. முதல் தட்டு

மசாலா ஊறாத பன்றி வயிற்றுக்கறி (குடல் அல்ல, வயிற்றுப்பக்கத்துக் கொழுப்புச் சதை), அதாவது சம்கியோப்சால், அரைக் கிலோ போதும். கூடவே லெட்யூஸ் இலை, வெட்டிய பூண்டு, பச்சை மிளகாய், கிம்ச்சி, ஸம்ஜாங் என்ற சோயா, மிளகாய் விழுது. பொரித்த கோழி, தொக்போக்கி (காரக் குழம்பில் அரிசிக் கொழுக்கட்டை), ஜாப்சே (கண்ணாடி நூடுல்ஸ்), சோறு எல்லாம் முன்வரிசையில் கண்ணைப் பறிக்கும், தொடாதீர்கள். வயிற்றை மலிவாக நிரப்பத்தான் அவை அங்கே இருக்கின்றன.

பச்சைக் கறி எடுத்த தட்டில் வேறு எதையும் வைக்கக்கூடாது. இடுக்கி இரண்டு வேண்டும்: பச்சைக்கு ஒன்று, வெந்ததற்கு ஒன்று. ஒன்றுதான் இருந்தால் இன்னொன்று கேட்டு வாங்குங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

4. கல்லும் கறியும்

இடுக்கி ஒருவர் கையில் இருக்கட்டும். நான்கு பேரும் ஆளுக்கொரு பக்கம் புரட்டினால் எது வெந்தது, எது இப்போது விழுந்தது என்று தெரியாமல் போகும்.

ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் துள்ளி ஓட வேண்டும். அதற்கு முன் போட்டால் கறி ஒட்டிக்கொண்டு பிய்யும். கல்லில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். குளிர்ந்த கறி அதிகமாக விழுந்தால் கல்லின் சூடு இறங்கும், கறி தண்ணீர் விடும், வறுபடாமல் அவிந்துவிடும். உறைந்து சுருண்டு வரும் மெல்லிய மாட்டுக்கறியை அள்ளிக் கொட்டாமல் ஒவ்வொன்றாக விரிக்க வேண்டும். அது அரை நிமிடத்தில் வெந்துவிடும்.

வயிற்றுக்கறிக்குப் பொறுமை வேண்டும். நீளத் துண்டைக் கல்லின் மேட்டுப்பக்கம் வைத்துவிட்டு அசைக்காதீர்கள். மேலே முத்து முத்தாக நீர் அரும்பும், ஓரம் பொன்னிறமாகும். அப்போது ஒரே தடவை திருப்புங்கள். மறுபக்கமும் நிறம் பிடித்ததும் இடுக்கியால் தூக்கிப் பிடித்து, கத்தரிக்கோலால் கட்டைவிரல் அகலத்துக்கு வெட்டி, வெட்டுப்பக்கத்தையும் கல்லில் காட்டுங்கள். நடுவில் இளஞ்சிவப்பு தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. சரிவான கல்லில் கொழுப்பு துளையை நோக்கி ஓடும். அந்த வழியில் கிம்ச்சியையும் பூண்டையும் பரப்பினால் அந்தக் கொழுப்பிலேயே வதங்கும். இந்த மேசையில் ஆகச் சுவையானது அந்தக் கிம்ச்சிதான். துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். கொழுப்பு தேங்கினால் தீப்பிடிக்கும்.

5. ஊறிய கறி கடைசியில்

புல்கோகி (மெல்லிய மாட்டுக்கறி), கல்பி (விலாக்கறி), காரக் கோழி இவற்றில் சோயாவும் சர்க்கரையும் இருக்கும். சர்க்கரை சீக்கிரம் கருகிக் கல்லில் பிடித்துக்கொள்ளும். அதன்பின் எதைப் போட்டாலும் கசக்கும். அதனால் ஊறாத கறி முழுதும் முடிந்த பிறகே இவை. தீயைக் குறைத்து, ஊறிய நீரை வடித்துவிட்டுப் போட்டு, அடிக்கடி புரட்டுங்கள். வயிற்றுக்கறிக்குச் சொன்ன விதி இங்கே செல்லாது. கோழி வெளியே சிவந்து உள்ளே பச்சையாக நிற்கும். தடித்த துண்டை வெட்டிப் பாருங்கள். உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும்.

கல் கறுத்ததும் மாற்றச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், அது அங்கே வழக்கமான வேலை. எரியும் கல்லில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

6. மடித்துச் சாப்பிடுவது

உள்ளங்கையில் இலை, அதில் ஒரு துண்டு கறி, மிளகளவு ஸம்ஜாங், ஒரு பூண்டு, கொஞ்சம் கிம்ச்சி. முடிச்சாக மடித்து ஒரே வாயில் போட வேண்டும், கடித்தால் சிந்தும். அதனால் கறித்துண்டு சிறிதாக இருக்கட்டும். ஸம்ஜாங் உப்பு அதிகம், அளவு முக்கியம். சும்மா தின்ன, உப்பு போட்ட எள் எண்ணெயில் தொட்டுக்கொள்ளுங்கள். வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய் அது. நம் நல்லெண்ணெயைவிட வாசம் தூக்கல்.

7. கடைசி 25 நிமிடம்

இரண்டாவது நடையிலிருந்து ஒரு தடவைக்கு 300 கிராமுக்கு மேல் எடுக்காதீர்கள். ஆளுக்கு மொத்தம் 300 முதல் 400 கிராம் பச்சைக் கறி ஆனதும் பெரும்பாலோர் போதும் என்பார்கள். சோறு, நூடுல்ஸ், சூப் இப்போதுதான். கடைசி அழைப்பு வந்ததும் பதற்றத்தில் யாராவது ஒரு தட்டு அள்ளி வருவார்; அபராதம் விழுவது அந்தத் தட்டுக்குத்தான். அடுத்த தட்டு எடுக்க எழுந்து போவதற்கு முன் மேசையில் இருக்கும் பச்சைக் கறியை எண்ணச் சொல்லுங்கள்.