சொந்த விமானத்துக்கு சீல்டு பேட்டரி: எங்கே கோட்டை விடுகிறோம்?

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் எஞ்சினுக்காக மாதக்கணக்கில் யோசிப்பார்கள். சீல்டு பேட்டரி, அதாவது தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய ஈய-அமில பேட்டரி என்று வந்தால் மட்டும், "இடத்தில் உட்காருதா, ஸ்டார்ட் ஆகுதா" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது இதை: எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் நடுவானில் செத்துப்போனால் இந்தப் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

லேபிளில் 16 ஆம்பியர் அவர் என்று இருக்கும். விமானத்தின் அத்தியாவசிய சாதனங்கள் 8 ஆம்பியர் இழுக்கின்றன என்றால் இரண்டு மணி நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. அந்த 16 என்பது பொதுவாக 20 மணி நேரத்துக்கு மெதுவாக, 0.8 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைப்பது. வேகமாக எடுத்தால் மொத்தமும் குறையும். பேட்டரிக்கு வயதானால் இன்னும் குறையும், குளிரிலும் குறையும். எஞ்சினின் இக்னிஷனும் எரிபொருள் பம்பும் மின்சாரத்தை நம்பியே ஓடுகின்றன என்றால், பேட்டரி தீர்ந்ததும் எஞ்சினும் நிற்கும். பேட்டரியை நம்பாமல் தானே தீப்பொறி தரும் மேக்னெட்டோ உள்ள எஞ்சின் வைத்திருப்பவருக்கு இந்தப் பயம் குறைவு.

அடுத்தது பெயரில் இருக்கும் எண்ணை நம்புவது. ஒடிஸி பிசி680 என்ற சீல்டு பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 680 ஆம்பியர் ஐந்து வினாடி உச்ச அளவு. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் 30 வினாடி தாக்குப்பிடிக்கும் சி.சி.ஏ. (குளிரில் ஸ்டார்ட் செய்யும் ஆம்பியர்) கணக்கில் அதே பேட்டரி சுமார் 170 ஆம்பியர்தான். நல்ல பேட்டரிதான், ஆனால் இரண்டு பேட்டரிகளை ஒப்பிடும்போது ஒரே வகை எண்ணை வைத்து ஒப்பிட வேண்டும்.

யு.பி.எஸ். பேட்டரி விலை குறைவு, ஆம்பியர் அவரும் அதே அளவு என்று மாட்டுகிறவர்கள் உண்டு. உள்மின்தடையைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கும்போது 7 மில்லிஓம் பேட்டரிக்குள்ளேயே 1.4 வோல்ட் போய்விடும். 20 மில்லிஓம் என்றால் 4 வோல்ட்! மிச்சமிருக்கும் எட்டுச் சொச்சம் வோல்ட்டில் ஸ்டார்ட்டர் திணறும். பேட்டரியை வால் பக்கம் வைத்தால் நீளமான கேபிளும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். தடிமனான கேபிள் போட்டாக வேண்டும்.

எடை குறையட்டும் என்று லித்தியத்துக்கு மாறுகிறவர்கள் சமநிலையை மறந்துவிடுகிறார்கள். 500 கிலோ விமானத்தில், ஈர்ப்பு மையத்துக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் இருந்து 4 கிலோவை எடுத்தால், மையம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் பின்னால் போகும். ஈர்ப்பு மையத்துக்குக் கையேடு தரும் பின் எல்லையை ஒட்டிப் பறக்கிறவருக்கு அது பெரிய விஷயம். எடை போட்டு மறுபடி கணக்கிடாமல் கிளம்பாதீர்கள்.

சீல்டு என்றால் மூடியது, கவலையே இல்லை என்று நினைப்பதும் தப்பு. மிகை வோல்ட்டேஜ் ஏறினால் வால்வு திறந்து ஹைட்ரஜன் வெளியேறும். போன தண்ணீரை ஊற்றி நிரப்பவும் வழியில்லை. வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுதானால் சார்ஜிங்கைத் துண்டிக்கிற பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். எஞ்சின் வெப்பம் நேரடியாகப் படும் இடமும் வேண்டாம், ஆயுளைப் பாதியாக்கிவிடும்.

அப்புறம் சோதனை. தேய்ந்துபோன பேட்டரியிலும் சும்மா இருக்கும்போது மீட்டர் 12.7 வோல்ட் காட்டலாம், சாவியைத் திருப்பினால் "டிக்" என்று ஒரு சத்தத்தோடு சரி. அதனால் ஆண்டுக்கு ஒரு முறை முழுசாகச் சார்ஜ் செய்து, 8 ஆம்பியர் சுமையை மாட்டி, 10.5 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை நிமிடம் என்று குறித்துவையுங்கள். புதிதாக இருந்தபோது கிடைத்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால், ஸ்டார்ட் ஆனாலும் மாற்றிவிடுங்கள்.