மாரியில் ஓடவிடும் நீரே கோடையில் இல்லாமற் போகிறது

மட்டக்களப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேற்பட்டது நவம்பர் முதல் ஜனவரி வரையான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. அந்த நீரை உள்வாங்க முடியாத நிலம் மாரியில் தன் மேல்மண்ணையும், கோடையில் தன் ஈரத்தையும் இழக்கிறது. எனவே மண்ணரிப்பையும் வறட்சியையும் வெவ்வேறு கேடுகளாகப் பார்ப்பதையே முதல் தவறாகக் கொள்கிறேன்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக்கரையான படுவான்கரையின் மேட்டுநிலங்களில் சோளமும் கச்சானும் (நிலக்கடலையும்) இடுவோர் பலர், உழவு இயந்திரம் திரும்புவதற்கு வசதி என்று சரிவின் மேலிருந்து கீழாக உழுகின்றனர். அப்போது ஒவ்வொரு உழவுசாலும் ஒரு சிறு வாய்க்காலாகிவிடுகிறது. வேர் பிடிக்காத இளம்பயிரின் மீது விழும் முதற்பெருமழை, இட்ட பசளையையும் இலேசான மேல்மண்ணையும் அந்தச் சால்களின் வழியே அள்ளிச் சென்றுவிடும். சரிவுக்குக் குறுக்கே உழுது, இடையிடையே மண்வரம்பு கட்டி, அதன் ஓரத்தில் சீமைக்கிளுவையை நெருக்கமாக நட்டால் நீர் நின்று ஊறும். வெட்டிய தழை மண்ணுக்கு மூடாகவும் பசளையாகவும் பயன்படும்.

அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்கும் சருகுக்கும் தீ வைப்பது இதைவிடக் கொடிய பழக்கம். இங்குள்ள மணற்பாங்கான மண்ணில் உக்கல், அதாவது மக்கிய தழைப்பொருள், ஏற்கெனவே குறைவு. நீரைப் பிடித்து வைக்கும் அந்தச் சிறிதளவையும் எரித்துவிட்டு, பத்து நாள் மழை பிந்தினாலே பயிர் வாடுகிறதே என்று வருந்துவதில் பயனில்லை. ஒரே ஆழத்தில் ஆண்டுதோறும் உழுவதால் அடியில் இறுகும் படையும் நீர் கீழிறங்குவதைத் தடுக்கிறது.

குளத்தின் மேற்புறக் காட்டை வெட்டிப் பயிரிடுவோர், தம் குளத்தையே தூர்க்கின்றனர். மண் படிந்த குளம் மாரியில் விரைவில் நிரம்பி வான் பாயும். கோடைகாலச் செய்கையான சிறுபோகத்தின் நடுவே வற்றிவிடும். ஆற்றில் அளவுமீறி மணல் அள்ளினாலோ படுக்கை தாழ்ந்து கரை இடிவதுடன், அயற்கிணறுகளின் நீர்மட்டமும் இறங்குகிறது.

குளத்தில் நீர் குறைவாக இருக்கும்போதும் முழுப் பரப்பிலும் நெல்லே விதைக்க வேண்டும் என்று பிடிவாதம் கொள்வதும் தவறுதான். சுமார் 65 முதல் 75 நாட்களில் விளையும் பயறு நெல்லைவிட மிகக் குறைந்த நீரில் விளைவதுடன், மண்ணுக்குத் தழைச்சத்தையும் சேர்க்கும். எந்த வட்டைக்கு (வயற்பகுதிக்கு) நெல், எந்த வட்டைக்குப் பயறு என்பதை, குளத்தின் நீரளவைப் பார்த்து விதைப்புக்கு முந்திய விவசாயிகள் கூட்டத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும்.