திருகோணமலை வளாகத்தில் ஒரு பேராசிரியர் இருக்கை நிறுவுவது எப்படி

சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்தவர்கள் பலர் ஆடுகளையே கொடுத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின் கணக்குப்படி ஒரு விளக்குக்கு 96 ஆடு, நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். செத்த ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்ப வேண்டும், எண்ணிக்கை குறையக்கூடாது. அதனால் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றார்கள். பல்கலைக்கழக இருக்கையும், அதாவது கொடை நிதியின் வருமானத்தில் நடக்கும் பேராசிரியர் பதவியும், இந்த ஏற்பாடுதான்: மந்தையில் கைவைக்காமல் நெய்யை மட்டும் எடுக்க வேண்டும். எண்ணாயிரம் என்ற ஊரில் இருந்த கல்லூரிக்கு முதலாம் இராசேந்திரன் காலத்தில் 45 வேலி நிலம் விடப்பட்டது. 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் அதன் விளைச்சலில் வாழ்ந்தார்கள். வருமானம் நெல்லாக வந்ததால், விலைவாசி ஏறினாலும் ஆசிரியரின் சோறு குறையவில்லை.

ஆங்கிலேய மன்னர்கள் இந்த இடத்தில்தான் இடறினார்கள். எட்டாம் ஹென்றி 1540இல் கேம்பிரிட்ஜில் இறையியல், சிவில் சட்டம், மருத்துவம், எபிரேயம், கிரேக்கம் ஆகிய ஐந்துக்கும் அரச இருக்கைகளை நிறுவி, ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 40 பவுண் வைத்தார். அன்றைக்கு அது நல்ல வருமானம். ஒக்ஸ்போர்டின் கிரேக்க அரச இருக்கைக்கும் அதே தொகைதான். 1855இல் அங்கே பதவியேற்ற பெஞ்சமின் ஜோவெட்டும், மூன்று நூற்றாண்டு கழித்து, அதே 40 பவுணைத்தான் வாங்கினார். 1865இல்தான் அது 500 ஆனது. எனவே கொடையை எழுதிவைக்கும் உறுதிப் பத்திரத்தில் ஆண்டுத் தொகையை ரூபாயில் எழுதவே கூடாது. மூலதனத்தின் வீதமாக எழுதுங்கள்.

எதற்குப் பணம்?

இலங்கை அரச பல்கலைக்கழகங்களில் பேராசிரியரின் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. புதிதாக ஒரு நிரந்தரப் பதவி வேண்டுமென்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் ஆளணி (அனுமதிக்கப்பட்ட பதவி எண்ணிக்கை) அனுமதியும், திறைசேரிப் பக்கத்தில் முகாமைத்துவச் சேவைகள் திணைக்களத்தின் சம்மதமும் தேவை. பணம் தயாராக இருந்தும் ஆளணி கிடைக்காமல் கோப்பு கிடந்துவிடலாம். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்கு இரண்டு வழிகள் பொருந்தும். ஒன்று, ஏற்கெனவே உள்ள பேராசிரியர் பதவிக்குப் பெயரும் ஆய்வு நிதியும் சேர்ப்பது. மற்றது வருகைதரு பேராசிரியர் இருக்கை: ஆண்டுக்கு மூன்று மாதம் ஓர் அறிஞர் வந்து தங்கிக் கற்பிப்பார், இரண்டு ஆய்வு மாணவர்கள் அவருடன் வேலை செய்வார்கள். தொடங்குகிறவர்களுக்கு இரண்டாவதே நல்லது. ஆளணிச் சிக்கல் குறைவு, பலனும் முதல் ஆண்டிலேயே கண்ணுக்குத் தெரியும்.

துறையைத் தெரிவு செய்யும்போது ஊரின் பலத்தைப் பாருங்கள். வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. இயற்கைத் துறைமுகமும் கடலும் வாசலில் இருக்கின்றன. கோணேசர் கோயில் முதல் கந்தளாய் வரை கல்வெட்டுகள் உள்ளன. பெயரை மட்டும் அகலமாக வையுங்கள். ‘கோணேசர் கல்வெட்டு ஆய்விருக்கை’ என்றால் முப்பது ஆண்டில் ஆள் கிடைக்காமல் போகலாம். ‘கீழைக்கரை வரலாறும் கல்வெட்டியலும்’ என்றால் பல தலைமுறைக்கு ஆள் கிடைப்பார்கள். கொடையாளியின் பெயருக்குப் பதிலாக ஓர் அறிஞரின் பெயரை வைப்பதும் அழகு. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான விபுலானந்த அடிகள் கிழக்கின் காரைதீவில் பிறந்தவர்தானே.

எவ்வளவு பணம்?

ஆண்டுச் செலவை 25ஆல் பெருக்குங்கள். அதுதான் மூலதனம். நூற்றுக்கு நான்கு மட்டுமே எடுப்பது என்ற விதியிலிருந்து வரும் கணக்கு இது. மதிப்பூதியம், தங்குமிடம், பயணம், இரண்டு மாணவர் உதவித்தொகை, நூல்கள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 24 இலட்சம் ரூபா என்று வைத்தால் 6 கோடி வேண்டும். அது எட்டாதென்றால் 2 இலட்சத்தில் நடக்கும் நினைவுப் பேருரைக்கு 50 இலட்சம் போதும். பிறகு வளர்த்துக்கொள்ளலாம். முழு நிரந்தர இருக்கைக்கு வெளிநாட்டில் ஆன செலவோடு இதை ஒப்பிட வேண்டாம். ஹாவர்ட் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் அமெரிக்க டொலரும், டொரொன்டோ பல்கலைக்கழக ஸ்கார்பரோ வளாகத்தில் 30 இலட்சம் கனேடிய டொலரும் திரட்ட வேண்டியிருந்தது.

வங்கி ஒன்பது வீதம் வட்டி தருகிறதே, ஒன்பதையும் செலவழித்தால் என்ன என்று கேட்பார்கள். பணவீக்கம் ஐந்து வீதமாக இருந்தால், முழு வட்டியையும் எடுக்கும் நிதியின் வாங்கும் வலு 20 ஆண்டில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். நான்கை எடுத்து ஐந்தை மூலதனத்தில் சேர்த்தால் வலு அப்படியே நிற்கும். செலவுத் தொகையைக் கடந்த மூன்று ஆண்டு இறுதி மதிப்பின் சராசரியில் கணக்கிடுங்கள். 6 கோடி, 6.6 கோடி, 6.3 கோடி என்றிருந்தால் சராசரி 6.3 கோடி, எடுக்கக்கூடியது 25.2 இலட்சம். ஓர் ஆண்டின் ஏற்றத்தாழ்வு மாணவரின் உதவித்தொகையை அறுக்காது.

2022ஐ மறக்க முடியாது. டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. முழு மூலதனத்தையும் ஒரே வங்கியில் ரூபா நிலையான வைப்பாக வைத்தால் எந்த விதியும் அதைக் காக்காது. இங்குள்ள பகுதியைத் திறைசேரி உண்டியல், முறி, வைப்பு என்று தவணை மாற்றிப் பிரியுங்கள். புலம்பெயர்ந்தோரின் பகுதியை அவர்கள் நாட்டில் பதிவுபெற்ற அறக்கொடை அமைப்பிலேயே வைத்து, ஆண்டுச் செலவை மட்டும் வங்கி வழியாக அனுப்பலாம். பிரித்தானியாவில் வருமான வரி செலுத்துபவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாகப் பெறும் வழியும் உண்டு.

உறுதியில் என்ன எழுதுவது?

இதில் சோம்பல் கூடாது. நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம் தெரிந்த சட்டத்தரணியைக் கொண்டு எழுதுங்கள். மூலதனத்தை எந்தக் காரணத்துக்காகவும் எடுக்க முடியாது என்பது முதல் வாசகம். நான்கு வீதமும் மூன்றாண்டுச் சராசரியும் அடுத்தது. துறை மறைந்தாலோ பீடம் மாறினாலோ மிக நெருங்கிய துறைக்கு நிதியை மாற்ற யாருக்கு அதிகாரம் என்பதைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிற்காலத்தில் நீதிமன்றப் படியேற வேண்டிவரும். பல்கலைக்கழகம் இந்த நிதியைக் காட்டித் துறையின் வழக்கமான ஒதுக்கீட்டைக் குறைக்கக்கூடாது என்பதையும் எழுதுங்கள். பலர் மறக்கும் வாசகம் அது. மறந்தால் உங்கள் பணம் அரசின் பணத்துக்கு மாற்றாகிவிடும், துறைக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதினால் ஐயம் வரும்போது எந்தப் பிரதி செல்லும் என்பதைக் குறிப்பிடுங்கள்.

ஆளைத் தெரிவு செய்யும் உரிமையைக் கேட்காதீர்கள். பிரித்தானிய அரச இருக்கைகளை முடியின் பெயரில் பிரதமரின் பரிந்துரைப்படி நிரப்பிய காலத்தில், 1957இல் ஒக்ஸ்போர்ட் வரலாற்று இருக்கை ஏ. ஜே. பி. டெய்லரைத் தாண்டி ஹியூ ட்ரெவர்-ரோப்பருக்குப் போனதில் எழுந்த கசப்பு நெடுநாள் நீடித்தது. தெரிவுக் குழுவில் வெளிப் பல்கலைக்கழக அறிஞர் இருவர் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அது நியாயமான கோரிக்கை, கிடைக்கவும் கூடும். கொடையாளிக்கு ஆண்டறிக்கையும் கணக்கும் வந்தால் போதும்.

எந்த வழியாகக் கொண்டு போவது?

துணைவேந்தரிடம் நேரே போய்ப் படம் எடுத்துக்கொள்வதால் கோப்பு நகராது. துறைத் தலைவரோடு இரண்டு பக்க முன்மொழிவைத் தயாரித்துப் பீடச் சபை, வளாகச் சபை, மூதவை, பேரவை என்ற வரிசையில் மேலே அனுப்புங்கள். கல்வி சார்ந்த கேள்விகளை மூதவையும், பணமும் உடன்படிக்கையும் சார்ந்தவற்றைப் பேரவையும் பார்க்கும். நிதியாளரை ஆரம்பத்திலேயே சந்தித்துத் தனிக் கணக்கு, தனிப் பேரேடு கேளுங்கள். பொது நிதியில் கலந்தால் உங்கள் வட்டி எது என்று கணக்காய்வின்போது பிரித்துக்காட்ட முடியாது. பேரவையின் தீர்மானம் எழுத்தில் வரும்வரை பணத்தை மாற்றாதீர்கள், செய்தியாளர்களையும் அழைக்காதீர்கள்.

முதல் ஆண்டு வருமானத்தை முழுவதும் மூலதனத்தில் சேர்த்துவிட்டு இரண்டாம் ஆண்டில் விளம்பரம் போடுங்கள். இருக்கை வெறுமையாக இருந்தால், அந்தத் தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாணவர் உதவித்தொகைக்கும், அதன்பின் மூலதனத்துக்கும் போக வேண்டும் என்பதையும் உறுதியிலேயே எழுதிவிடுங்கள்.